இரண்டு ஆட்டங்களில் ஒரு தீர்ப்பு

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், சார்லட் நகரை ஒட்டிய பள்ளிவாசல் ஒன்றில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாம் ஓதிக்கொடுத்து வருகிறோம். அன்று காலை பத்து மணி வகுப்புக்கு இருபத்திரண்டு பேர் வந்திருக்க வேண்டும். எட்டுப் பேர்தாம் இருந்தார்கள். காய்ச்சல் பரவுகிறதோ என்று முதலில் எண்ணினோம். காரணம் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் இருந்தது என்பது பிறகே தெரிந்தது. இவ்வூர் அணியான கரோலைனா பாந்தர்ஸ், நியூயார்க் ஜெயண்ட்ஸ் அணியை அன்று அங்கே எதிர்கொண்டது. நேர வேறுபாட்டால் ஆட்டம் இங்கே காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிட்டது.

வழக்கமாக ஞாயிறு ஆட்டங்கள் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும். எங்கள் ளுஹர் ஜமாஅத் ஒன்றேகாலுக்கு. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை, இமாம் ஸலாம் கொடுத்தவுடன் துஆவுக்குக்கூடக் காத்திராமல் செருப்பு அடுக்கை நோக்கி விரையும் கால்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அவற்றில் பிள்ளைகளின் கால்களைவிடத் தந்தையரின் கால்களே அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரிலிருந்து வாசிப்போருக்காகச் சிறிது விளக்கம். இந்நாட்டவர் ஃபுட்பால் என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. இருபுறமும் கூம்பிய நீள்வட்டப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் பந்து முதலில் வந்து சேர்வது ஒருவருடைய கைக்கு. அவரே குவாட்டர்பேக். பந்து வந்தபின் அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடிகள். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் தம் ஆட்களில் யார் தனித்திருக்கிறார் என்று கண்டு, அவர் போய்ச் சேரவிருக்கும் இடத்துக்கு எறிய வேண்டும். அவருக்கு முன்னே ஐவர் அரணாக நிற்பர். அரண் உடைந்து, எறியும் முன்பே எதிரணி அவரை வீழ்த்திவிட்டால் அதற்குச் 'சாக்' என்று பெயர். எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் அது 'இண்டர்செப்ஷன்'. வென்றால் புகழில் பெரும்பங்கு அவருக்கு; தோற்றால் பழியில் அதைவிடப் பெரிய பங்கு.

பாந்தர்ஸ் அணியின் குவாட்டர்பேக் பிரைஸ் யங் என்னும் இளைஞர். 2001 இல் பிறந்தவர். அலபாமா பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான ஹைஸ்மன் விருதை 2021 இல் பெற்றவர். கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 2023 இல் நடந்தபோது, முதல் ஆளாகவே அவரைப் பாந்தர்ஸ் எடுத்தது. அந்த முதல் உரிமை சிக்காகோ அணியிடம் இருந்தது. அதைப் பெறுவதற்காக அவ்வாண்டின் ஒன்பதாவது, அறுபத்தொன்றாவது தேர்வு உரிமைகளையும், 2024 இன் முதல் சுற்று உரிமையையும், 2025 இன் இரண்டாம் சுற்று உரிமையையும், டி.ஜே. மூர் என்னும் தேர்ந்த ஆட்டக்காரரையும் பாந்தர்ஸ் கொடுத்தது. அடுத்த ஆளாக சி.ஜே. ஸ்ட்ரவுடை ஹூஸ்டன் அணி எடுத்துக்கொண்டது.

அந்த முதலாண்டு முடிந்தபோது ஸ்ட்ரவுடின் கணக்கில் 4,108 யார்டு, 23 டச் டவுன் வீச்சுகள், 5 இண்டர்செப்ஷன்கள். புதியவர்களுக்கான விருதும் அவருக்கே. யங்கின் கணக்கில் 2,877 யார்டு, 11 டச் டவுன் வீச்சுகள், 10 இண்டர்செப்ஷன்கள். அவர் தொடங்கிய 16 ஆட்டங்களில் வென்றவை இரண்டு. 62 முறை அவரைச் சாக் செய்திருந்தார்கள். பருவம் முடியும் முன்பே தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். சிக்காகோவுக்குக் கொடுத்த 2024 உரிமை, பாந்தர்ஸ் கடைசியில் நின்றதால், அவ்வாண்டின் முதல் உரிமையாகவே ஆகிவிட்டது. அதை நினைத்து நினைத்து இவ்வூர் மக்கள் புண்ணைக் கீறிக்கொண்டார்கள்.

இத்தனை எண்களையும் நாம் தேடிப் படித்ததில்லை. ளுஹருக்குப்பின் பள்ளிவாசலின் கார் நிறுத்துமிடத்தில் நின்றாலே போதும், காதில் விழுந்துவிடும். சார்லட் வங்கிகளின் நகரம். வங்கியில் கணக்காய்வுப் பணி பார்க்கும் சகோதரர் ஒருவர், லாபநட்டக் கணக்கை ஒப்பிப்பதுபோல் யங்கின் கணக்கை ஒப்பிப்பார். "ஹஜ்ரத், அஞ்சடி பத்தங்குல ஆளு. முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் ஆறரையடி. எங்கேருந்து தெரியும் அவருக்கு? ஸ்ட்ரவுடை விட்டுட்டு இவரை எடுத்தாங்களே, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு" என்பார். காத்தான்குடியிலிருந்து வந்து இங்கே முப்பது ஆண்டுகள் கழித்துவிட்ட மூத்தவர் ஒருவர் அதை ஒப்பமாட்டார். "மௌலவி, முன்னால நிக்கிறவன் ஒழுங்கா நிண்டாத்தானே பின்னால நிக்கிறவன் எறியலாம்? அறுபத்திரண்டு தரம் விழுத்தினா ஆர்தான் எழும்புவான்?" என்பது அவருடைய வாதம். உடனே மற்றொருவர், பந்தை விடாமல் வைத்துக்கொண்டு நின்றதாலும் பல சாக்குகள் வந்தன என்பார். உண்மையும் அதுதான், சாக் யாருடைய குற்றம் என்பது எளிதில் தீராத வழக்கு.

பிள்ளைகள் இத்தனை நுட்பத்துக்குப் போகமாட்டார்கள். அவர்களிடம் ஒரே ஒரு சொல் இருந்தது: 'பஸ்ட்'. பெரிதாக எதிர்பார்க்கப்பட்டு ஒன்றுமில்லாமல் போனவன் என்பது அதன் பொருள். அவருடைய உயரத்தைக் காட்ட முழங்காலிட்டு நடந்துகாட்டிய பையனை நாம் ஒருமுறை காதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். ஸூரத்துல் ஹுஜுராத்தை அவர்களுக்குப் பாடமாக்கியவர்கள் நாம். கேலி செய்வதும், பட்டப்பெயர் சூட்டுவதும், ஊகத்தின்மேல் நடப்பதும், புறம் பேசுவதும் அந்த ஸூராவில் அடுத்தடுத்துத் தடுக்கப்பட்டிருப்பதை அவர்கள் ஓதுவார்கள். ஓதிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து 'பஸ்ட்' என்பார்கள். "அவர் முஸ்லிம் இல்லையே ஹஜ்ரத்" என்று ஒரு பையன் சட்டம் பேசினான். அவர் கிறிஸ்தவர்தாம். அதனால் அவருடைய உயரத்தைக் கேலி செய்ய நமக்கு எங்கிருந்து அனுமதி வந்தது என்று அவனைத் திருப்பிக் கேட்டோம்.

இடையில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாநிலத்தில் கைப்பேசி வழியாக விளையாட்டுப் பந்தயம் கட்டுவது 2024 மார்ச் 11 அன்று நண்பகல் முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அன்று இங்கே பலருக்கு ரமளானின் முதல் நோன்பு. வெறும் ஆட்டப் பேச்சாக இருந்தது அன்றிலிருந்து பணப் பேச்சாகவும் மாறத் தொடங்கியதை நாம் கவனித்தோம். யங் இத்தனை யார்டு எறிவார், எறியமாட்டார் என்பதன்மேலும் பணம் கட்டலாமாம். இது சூதாட்டம், இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. தம் பிள்ளையின் கைப்பேசியில் என்ன இருக்கிறதென்று பெற்றோர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அதைத் தனியாக வேறொரு நாளில் எழுத வேண்டும்.

ஒருவருடைய திறமையை எடைபோடுவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் மார்க்கக் கல்வியின் பெரும் தூண் ஒன்றே சாய்ந்துவிடும். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தகுதியை ஆராயும் 'ஜர்ஹ் வ தஃதீல்' என்னும் கலையை நாம் பட்டயப் படிப்பில் ஓதியபோது, முதலில் நமக்கு அச்சமே ஏற்பட்டது. யஹ்யா இப்னு மயீன், அலீ இப்னுல் மதீனீ போன்ற இமாம்கள், வணக்கசாலிகளான மனிதர்களைப் பற்றிக்கூட 'மனனத்தில் பலவீனமானவர்', 'தவறு மிகுந்தவர்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். புறம் பேசுவது ஹராம் அல்லவா என்று எம் ஆசிரியரிடம் கேட்டோம். தேவை இருப்பதால் கூடுகிறது என்றார் அவர். தேவை எவ்வளவோ அவ்வளவே கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கலையில் நம் மனத்தைத் தொட்டவை அதன் கட்டுப்பாடுகளே. நேர்மை நிலைபெற்ற ஒருவரைக் காரணம் சொல்லாமல் 'பலவீனமானவர்' என்று மட்டும் கூறினால் அதை அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எதில் பலவீனம், எப்போதிருந்து, எவரிடம் கேட்டு அறிவித்தவற்றில் என்று விளக்க வேண்டும். சமகாலத்தவர் போட்டியில் ஒருவர்மேல் ஒருவர் கூறிய குறைகளை ஒதுக்கிவைத்தார்கள். எகிப்தின் காழியாக இருந்த இப்னு லஹீஆவைப் பற்றிய பேச்சு நல்ல சான்று. அவருடைய நூல்கள் எரிந்துபோயின, அதன்பின் அவருடைய அறிவிப்புகளில் குழப்பம் மிகுந்தது என்று அறிஞர் பலர் கூறுவர். அதற்காக அவர் அறிவித்த அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசிவிடவில்லை. அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் போன்று முற்காலத்திலேயே அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்புகளை வேறாகப் பிரித்து மதிப்பிட்டார்கள். மனிதர் ஒருவரே, நூல்கள் இருந்தபோது ஒரு நிலை, இல்லாதபோது வேறொரு நிலை.

இதையெல்லாம் அந்த எட்டுப் பிள்ளைகளுக்கு அன்று காலை நாம் விரிவாகச் சொன்னோம். யங்கையே உதாரணமாக வைத்தோம். அவரைக் கொண்டுவரக் கொடுத்த விலை அவருடைய செயலா? விலையை நிர்ணயித்தவர்கள் வேறு யாரோ. பழியை மட்டும் அவர்மேல் ஏன் சுமத்துகிறீர்கள் என்றோம். பேக்கர் மேஃபீல்டையும் சாம் டார்னல்டையும் நினைவூட்டினோம். 2018 டிராஃப்டில் முதலாமவராகவும் மூன்றாமவராகவும் எடுக்கப்பட்ட அவ்விருவரும் தத்தம் அணிகளால் கைவிடப்பட்டு, 2022 இல் இதே பாந்தர்ஸில் ஒன்றாக இருந்தார்கள். இருவரையும் 'பஸ்ட்' என்று இதே கார் நிறுத்துமிடம் தீர்ப்பளித்து அனுப்பியது. மறு ஆண்டே மேஃபீல்டு டாம்பா பே அணியைத் தன் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். டார்னல்டு அந்த 2024 பருவத்தில் மின்னசோட்டாவுக்காக ஆடி வென்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வியப்போடு கேட்டார்கள். ஹஜ்ரத்துக்கு இவ்வளவு தெரியுமா என்ற வியப்பு அது. உண்மையைச் சொன்னால், அன்று காலை நமக்கு நம் பாடத்தின்மேல் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது.

பகல் பன்னிரண்டரை தாண்டியபின் ஆட்டம் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ளுஹருக்கு வந்து சேர்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் பாந்தர்ஸ் 20-17 என வென்றிருந்தது. முந்தைய ஞாயிறும் நியூ ஓர்லியன்ஸை 23-22 என வென்றிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு வெற்றிகள். தொழுகை முடிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. வெற்றி யங்கால் வந்ததன்று, பந்தோடு ஓடிய சுபா ஹப்பர்டால் வந்தது என்றார் கணக்காய்வுச் சகோதரர். காத்தான்குடி மூத்தவர் சிரித்துக்கொண்டே, தோற்றால் மட்டும் யங்கால் வந்ததா என்று கேட்டார். அப்போது வேறொருவர் புதிய வாதம் ஒன்றை எடுத்தார். உட்கார வைத்ததே அவருக்கு நன்மையாகிவிட்டது என்றார் அவர்.

அந்தச் செய்தி இது. 2024 பருவத்தில் டேவ் கனாலெஸ் என்னும் புதிய பயிற்சியாளர் வந்தார். அரணை வலுப்படுத்த ராபர்ட் ஹண்ட், டேமியன் லூயிஸ் என்னும் இரு காவலர்களைப் பெரும் ஊதியத்துக்கு அணி அமர்த்தியது. ஆயினும் முதல் ஆட்டம் 47-10, இரண்டாம் ஆட்டம் 26-3 எனப் படுதோல்விகள். அத்துடன் யங்கை உட்கார வைத்துவிட்டு, முப்பத்தாறு வயது ஆண்டி டால்டனைக் களமிறக்கினார்கள். அடுத்த ஆட்டத்திலேயே அணி வென்றது. ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. ஐந்து ஆட்டங்கள் கழிந்தபின் ஒருநாள், டால்டன் குடும்பத்தோடு சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. எவருக்கும் பெரிய காயமில்லை. அவருடைய எறியும் கையின் பெருவிரல் மட்டும் சுளுக்கிக்கொண்டது. ஆகவே யங் மீண்டும் களத்துக்கு வந்தார்.

உட்கார வைத்தது நன்மையே என்று அந்தச் சகோதரர் சொன்னபோது, செருப்பு அடுக்கின் அருகே நின்றிருந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வாய் திறந்தான். அன்று காலை ஆட்டத்தை விட்டுவிட்டு வகுப்புக்கு வந்திருந்த எட்டுப் பேரில் அவனும் ஒருவன். அதிகம் பேசாதவன்.

"ரெண்டே மேட்ச்தான் பார்த்தாங்க மாமா. டால்டனுக்கு ஆக்சிடெண்ட் ஆகலைன்னா இப்பவும் உக்காந்துதான் இருப்பாரு. யாரும் திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

அவன் நம்மைப் பார்த்துச் சொல்லவில்லை. நம்மை மனத்தில் வைத்துச் சொன்னானா என்பதும் நமக்குத் தெரியாது. கேட்டவர்கள் அவனுக்கும் பதில் சொல்லி விவாதத்தைத் தொடர்ந்தார்கள். நாம் மட்டும் உள்ளே போய் அமர்ந்துவிட்டோம்.

அந்தப் பையன் முந்தைய ஆண்டு முதல் எம்மிடம் மாலை வேளைகளில் ஹிஃப்ழ் வகுப்பில் இருந்தவன். அவனோடு ஒரே நாளில் சேர்ந்த மற்றொரு பையன் பத்து மாதத்தில் ஆறு ஜுஸ்வு முடித்தான். இவன் இரண்டைக் கடக்கத் திணறினான். நேற்று ஒப்பித்த பாடத்தை இன்று கேட்டால் வரிகளை மாற்றி ஓதுவான். பக்கத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்ப்பான். ஆகஸ்டு மாதத்தில் அவனுடைய வாப்பாவை அழைத்து, "பையனுக்கு ஞாபகசக்தி போதாது பாய். ஹிஃப்ழ் இவனுக்கு வராது. ஞாயிறு வகுப்புல எல்லாரோடயும் ஓதட்டும்" என்று சொன்னோம். அவர் சற்று நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். "ஹஜ்ரத் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தச் சொல்லின் கனம் அன்று நமக்கு உறைக்கவில்லை. நம்முடைய ஒரு வாக்கியத்துக்கு அந்த வீட்டில் மேல்முறையீடே இல்லை.

எதில் பலவீனம்? எப்போதிருந்து? காலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு முன் அறிஞர்களின் நிபந்தனைகளை விரித்துரைத்த நாம், அவற்றில் ஒன்றைக்கூட ஆகஸ்டு மாதத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. 'ஞாபகசக்தி போதாது' என்பது காரணம் அன்று. காரணம் தேடாதவனின் சொல். யங்கை உட்கார வைத்த பயிற்சியாளர்கூட அவரை அணியோடுதான் வைத்திருந்தார். பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் அவர் நாள்தோறும் வந்தார். நாமோ பையனை அறையைவிட்டே அனுப்பிவிட்டோம். அவனைத் திரும்ப அழைக்க எந்த விபத்தும் நேரப்போவதில்லை. அனுப்பியவரே அழைத்தால்தான் உண்டு.

அன்றிரவு உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களின் வரலாற்றை எடுத்து வாசித்தோம். விளையாட்டுக்காரர் ஒருவரையும் ஒரு ஸஹாபியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நம்மை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்காகவே வாசித்தோம். ஷாம் நோக்கிச் செல்லும் படைக்கு உஸாமாவை நபி (ஸல்) அவர்கள் தலைவராக்கியபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. மூத்த ஸஹாபாக்கள் அப்படையில் இருந்தார்கள். இந்த வயதில் இவருக்கா தலைமை என்று சிலர் பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில், தலையில் துணி கட்டிய நிலையில் மின்பரில் ஏறி, இதற்கு முன் இவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் இப்படித்தான் குறை கூறினீர்கள் என்ற கருத்தில் பேசி, இருவருமே அதற்குத் தகுதியானவர்கள் என்று தெளிவாக்கினார்கள். மக்களுடைய பழக்கத்தையே அவர்கள் எடுத்துக்காட்டியதை நாம் முன்பு கவனித்ததில்லை. தந்தையைப் பற்றிய ஊகம் பிழைத்தது. அதே ஊகம் மகனுக்கும் வந்தது.

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப்பின் அபூபக்ர் (ரழி) அவர்கள் அந்தத் தலைமையை மாற்றவில்லை. படையை வழியனுப்பியபோது இளைஞர் வாகனத்தின்மேல் இருந்தார். கலீஃபா அருகே நடந்தார்கள். உமர் (ரழி) அவர்களை மதீனாவில் தம்மோடு வைத்துக்கொள்ள அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள். ஒருவர்மேல் நம்பிக்கை வைப்பதென்றால் அதைப் பிறர் பார்க்கும்படி வைக்க வேண்டும் போலும்.

மறுவாரம் பையனுடைய வீட்டுக்குச் சென்றோம். தேநீர் வந்தது, அவனுடைய உம்மா உள்ளிருந்தே ஸலாம் சொன்னார். பாடத்தை வீட்டில் எப்படி ஓதிப் பார்ப்பான் என்று கேட்டோம். அவன் கைப்பேசியை எடுத்துவந்து காட்டினான். அதைப் பார்த்ததும் நமக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஹிஃப்ழ் ஓதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மனனம் செய்பவன் சொற்களை மட்டும் மனத்தில் ஏற்றுவதில்லை, பக்கத்தையே ஏற்றுகிறான். இந்த ஆயத் வலப்பக்கத்தின் மூன்றாம் வரியில் தொடங்கும், அந்த ஆயத் பக்கத்தின் அடியில் முடியும் என்று கண் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளும். அதனாலேயே தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அச்சு முஸ்ஹஃபில் ஓத வேண்டும் என்பது உஸ்தாதுகள் முதல் நாளே சொல்லும் பாடம். எங்கள் வகுப்பில் ஓதுவது இந்திய அச்சு. இந்தப் பையன் வீட்டில் ஓதியது கைப்பேசியில் இருந்த மதீனா அச்சு. எழுத்தின் வடிவம் வேறு, நிறுத்தக் குறிகள் வேறு, வரியும் பக்கமும் முடியும் இடங்கள் வேறு. மாலையில் ஒரு வரைபடம், இரவில் மற்றொரு வரைபடம். பத்து மாதமாக இரண்டையும் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளை இரண்டு ஜுஸ்வை எட்டியிருந்தது.

"உன் முஸ்ஹஃப் எங்கே?"

"ஊருக்குப் போனப்ப உம்மம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன் ஹஜ்ரத்."

"ஏன் சொல்லலை?"

அவன் பதில் சொல்லவில்லை. வகுப்பில் முஸ்ஹஃப் இல்லாமல் வந்தவனை நாம் எப்படிப் பார்ப்போம் என்பது நமக்கே தெரியும். ஆகவே அதற்குமேல் கேட்கவில்லை. வகுப்பில் ஓதுவதற்குப் பள்ளிவாசல் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, முடிந்ததும் திருப்பி வைத்திருக்கிறான். அதையும் நாம் பார்த்ததில்லை.

அவனுடைய வாப்பாவிடம், ஆகஸ்டில் நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். அவர் பதறிப்போய், அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்றார். இல்லை, சொல்லத்தான் வேண்டும் என்று பையன் இருக்கும்போதே மறுபடியும் சொன்னோம். திரும்ப வருகிறாயா என்று அவனிடம் கேட்டோம். உடனே தலையசைப்பான் என்று எண்ணியிருந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அந்த விடை நமக்குச் சிறிது வலித்தது, நியாயமான விடைதான். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் மாதத்தின் ஒரு திங்கள் மாலை, தானாக வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். இந்திய அச்சில் புதிய முஸ்ஹஃப் ஒன்றை அவனுக்கு வாங்கி வைத்திருந்தோம்.

யங்கின் பருவம் 2025 ஜனவரி 5 அன்று அட்லாண்டாவில் முடிந்தது. பாந்தர்ஸ் கூடுதல் நேரத்தில் 44-38 என வென்றது. மூன்று டச் டவுன்கள் அவர் எறிந்தவை, இரண்டு அவரே ஓடிச்சென்றவை. ஆயினும் அணியின் முழுக் கணக்கு ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. மஃரிபுக்குப்பின் கார் நிறுத்துமிடத்தில் அன்றும் கூட்டம். ஐந்து வெற்றிக்கா இந்தக் கொண்டாட்டம் என்றார் கணக்காய்வுச் சகோதரர். அடுத்த ஆண்டு பாருங்கள் என்றார் மூத்தவர். பிலடெல்ஃபியாவுடனான ஆட்டத்தின் இறுதியில் அவர் எறிந்து, ஆளின் கையில் பட்டு நழுவிய பந்தைப் பற்றி ஒரு பையன் உருகி உருகிப் பேசினான். கணக்கில் அதுவும் பிழைத்த வீச்சு என்றே பதிவாகியிருக்கும் என்றான். அவன் 'பஸ்ட்' என்ற சொல்லை அன்று பயன்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். நம் கருத்தையும் கேட்டார்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறவர் என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் திங்கட்கிழமை. பையன் புதிய முஸ்ஹஃபை மூடி நம் கையில் கொடுத்துவிட்டு ஓதத் தொடங்கினான். இப்போது அவனுக்கு நாளொன்றுக்குக் கால் பக்கம். அல்பகராவின் நடுவில், அவன் எப்போதும் நிற்கும் அதே இடம் வந்தது. நின்றான். கூரையைப் பார்த்தான். அடுத்த சொல் நம் நாக்கின் நுனியில் இருந்தது; வாயை மூடிக்கொண்டு, விரலை அந்த வரியின்மேல் வைத்தபடி காத்திருந்தோம். கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். பையனுடைய உதடுகள் சத்தமின்றி முந்தைய ஆயத்திலிருந்து மறுபடி தொடங்கின.